மூன்று வருடம் வாசித்த பிறகு: ஒரு கைவேலை கிட்டாரின் விமர்சனம்

கிட்டார் கைக்கு வந்து மூன்று வருடமும் சில மாதமும் ஆகிறது. வந்த வாரமே எழுத உட்கார்ந்திருந்தால் புது மாப்பிள்ளை பெருமையாகத்தான் இருந்திருக்கும். இப்போது அதன் மேல் கீறல் இருக்கிறது, ஒரு வெடிப்பும் அதற்குப் போட்ட ஒட்டும் இருக்கிறது, எந்தச் சுரம் முரண்டு பிடிக்கும் என்று என் விரலுக்கே தெரிந்துவிட்டது. இனி எழுதலாம்.

செய்தவரின் பெயரைப் போடவில்லை. அவரிடமே கேட்டேன். "எழுதுங்க தம்பி, பேரு மட்டும் வேண்டாம். வருஷத்துக்கு ஆறு கிட்டார்தான் என்னால முடியும். வாங்கி வெச்ச ஆர்டரே நிக்குது" என்றார். ஆகவே இங்கே அவர் 'பெரியவர்'. எழுபது தாண்டியவர். இடது காது சரியாகக் கேட்காது. கிட்டார் செய்கிறவருக்குக் காது கேட்காதா என்று எனக்கும் முதலில் பகீரென்றது.

நான் கணக்கு வாத்தியார். இருபது வருடமாக கிளாசிகல் கிட்டார் வாசிக்கிறேன். மேடை ஏறும் அளவுக்கு இல்லை, வீட்டில் இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொள்ளாத அளவுக்கு. அதுவரை வைத்திருந்தது ஒரு தொழிற்சாலை கிட்டார், மேல்பலகை பிளைவுட். பதினோரு வருடம் உழைத்தது, குறை சொல்லக் கூடாது. கடைசியில் கழுத்து முன்பக்கம் வளைந்து, 12ஆம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பி) மேல் ஆறாம் தந்தி 6 மி.மீ. உயரத்தில் நின்றது. 4 மி.மீ. இருந்தால் போதும். 6 என்றால் ஒரு விரலால் ஆறு தந்தியையும் அழுத்திப் பிடிக்கும்போது மணிக்கட்டு வரை வலிக்கும்.

பெரியவரிடம் போனபோது மனதில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். என்ன மரம், என்ன நிறம், ஒலித்துளையைச் சுற்றி என்ன வேலைப்பாடு. அவர் அதில் எதையும் கேட்கவில்லை. "வாசிங்க" என்றார். என் இடது பக்கம், தன் வலது காது என் பக்கம் இருக்கும்படி ஸ்டூலை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். பத்து நிமிடம் கேட்டார். வலது கையைப் பிடித்துப் பார்த்தார், டாக்டர் நாடி பார்க்கிற மாதிரி. நகத்தை உரசிப் பார்த்தார். "ஓங்கி அடிக்கிற ஆள் இல்லை நீங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு எழுந்து போய், சுவரில் மாட்டியிருந்த ஒரு பழைய கிட்டாரை எடுத்துக் கொடுத்தார்.

கையில் வாங்கியதுமே தெரிந்தது, கனம். மீட்டினேன். மேசையைத் தட்டுவது போல ஒரு சத்தம் வந்து உடனே செத்துப் போனது. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "நான் முதன்முதலா செஞ்சது. பயத்துல செஞ்சது" என்றார்.

அதற்கு முன் அவர் ஜன்னல், கதவு, கட்டில் செய்துகொண்டிருந்த தச்சர். யாரோ உடைந்த கிட்டாரை ஒட்டித் தரச் சொல்லிக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். ஒட்டுவதற்காக உள்ளே பார்த்தவர் அசந்துவிட்டார். மேல்பலகை ஒரு கெட்டி அட்டையின் தடிமன்கூட இல்லை. கட்டில் செய்கிறவருக்கு அது எப்படி இழுவை தாங்குகிறது என்பதே புரியவில்லை. அவர் பயந்தது நியாயம்தான். ஆறு நைலான் தந்தியும் சேர்ந்து இழுப்பது ஏறக்குறைய 40 கிலோ. என் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் எடை அது, இரவும் பகலும் தந்திகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜை முன்னால் கவிழ்க்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். தானே ஒன்று செய்தபோது மேல்பலகையை 4 மி.மீ. வைத்தார். உடையவில்லை, பாடவும் இல்லை. இரண்டாவதில் ரோஷம் வந்து ஒரேயடியாக மெலிய இழைத்தார். ஆறு மாதம் தேனாகப் பாடிவிட்டு, பிரிட்ஜுக்கு முன்னால் குழி விழுந்து, பின்னால் வயிறு தள்ளிவிட்டது. "இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் தம்பி இத்தனை வருஷமும் ஓடிருக்கு."

மர விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஏமாறுகிற இடம் அதுதான். நானும் பிரேசில் ரோஸ்வுட் வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சிரித்தார். 1992 முதல் அது, அழியும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. தடைக்கு முன்பே வெட்டியது என்று காகிதம் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. அப்புறம், "அது பின்பலகைக்குத் தம்பி. பாடுறது முன்பலகை" என்றார். மேல்பலகையைத்தான் அவர் முன்பலகை என்பார்.

அதற்கு அவர் சாட்சிக்கு அழைத்தது அந்தோனியோ தே தோரெஸை. இன்று நாம் கிளாசிகல் கிட்டார் என்று சொல்லும் வடிவத்தை நிலைநிறுத்தியவர் அவர். ஸ்பெயினின் அல்மேரியா பக்கம் 1817இல் பிறந்தவர், அவரும் தச்சர்தான். 1862இல் ஒரு வேலை செய்தார். முன்பலகையை நல்ல ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தில் போட்டு, பின்பக்கமும் பக்கவாட்டும் முழுக்க அட்டையில் செய்தார். பாடியது. அந்த அட்டை கிட்டார் இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து நானும் கொஞ்சம் தேடினேன். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு கண்ணில் பட்டது. பின்பலகை, பக்கவாட்டு மரம் மட்டும் மாறி, மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கும் ஆறு கிட்டார்கள் (ஸ்டீல் தந்தி வகை). வாசித்துப் பார்த்தவர்கள் 52 பேர், மரம் கண்ணுக்குத் தெரியாதபடி ஏற்பாடு. விலை உயர்ந்த மரத்தை மலிவான மரத்திலிருந்து அவர்களால் பெரிதாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சரி என்று ஈட்டி மரத்துக்கு ஒப்புக்கொண்டேன். தோதகத்தி என்றும் சொல்வார்கள், உலகம் முழுக்க கிட்டார்காரர்கள் இந்திய ரோஸ்வுட் என்று வாங்குவது அதைத்தான். ஈரமாக்கி, சூடான இரும்புக் குழாயில் அழுத்தி வளைக்கும்போது பட்டறை முழுக்க ஒரு இனிப்பு வாசனை வரும். அதற்காகவே இன்னொரு தடவை போகலாம்.

முன்பலகை இழைக்கும் நாளன்று என்னை வரச் சொன்னார். இந்த விமர்சனத்தில் நான் சொல்ல நினைப்பதில் பாதி அந்த ஒரு நாள்தான்.

ஸ்ப்ரூஸ் பலகை இரண்டு பாதி, ஒரே கட்டையைப் புத்தகம் போலப் பிளந்து எடுத்தது. ரம்பத்தால் அறுத்தால் ரம்பம் போகிற வழியில் அறுபடும், பிளந்தால் இழை போகிற வழியில் பிளக்கும், அதனால் பிளந்த கட்டைதான் வேண்டும் என்றார். இரண்டு விளிம்பையும் இழைத்துச் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது என்பதே பெருமையாக இருந்தது. மறுபடி ஒரு இழைப்பு, மறுபடி ஜன்னல். ஐந்தாவது தடவை இருட்டு. அதற்குப் பிறகுதான் பசைச் சட்டியை அடுப்பில் வைத்தார்.

ஒட்டு காய்ந்திருந்த இன்னொரு பலகையை எடுத்து இழைப்புளியைப் போட்டார். சீவல் ஒவ்வொன்றும் வெங்காயத் தோல் போல, எதிரில் கையை வைத்தால் ரேகை தெரியும். பத்து இழைப்புக்கு ஒருமுறை பலகையின் இரண்டு ஓரத்தையும் பிடித்து, கட்டைவிரலால் நடுவில் அமுக்கி வளைத்துப் பார்த்தார். இழையின் நீளவாக்கில் ஒருமுறை, குறுக்குவாக்கில் ஒருமுறை. அப்புறம் இரண்டு விரலால் ஓரத்தைத் தொங்கப் பிடித்து, முட்டியால் தட்டி, பலகையைத் தன் தாடை எலும்பில் ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டார். காது கேட்காத கவலை எனக்கு அங்கேதான் போனது. அவர் எலும்பால் கேட்கிறார், விரலால் கேட்கிறார். தோரெஸும் தன் ரகசியம் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளில்தான் இருக்கிறது, அதை யாருக்கும் விட்டுப்போக வழியில்லை என்று சொன்னதாக, அவரை நேரில் அறிந்த ஒரு பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார்.

மேசையில் தடிமன் பார்க்கும் டயல் கேஜ் இருந்தது. அதை எனக்காகத்தான் எடுத்தார் என்று நினைக்கிறேன். 2.8, 2.6, 2.5. தட்டும்போது முதலில் 'டக்' என்றிருந்தது இப்போது 'டொம்ம்' என்று வால் நீண்டது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அவர் வளைத்துப் பார்த்துவிட்டு மறுபடி இழைப்புளியை எடுத்தார். வாத்தியார் புத்தி சும்மா இருக்காதே, மனதுக்குள் கணக்குப் போட்டேன். பலகையின் விறைப்பு தடிமனின் முப்படிக்கு ஏற்ப மாறும். 2.5 மி.மீ. 2.3 ஆனால் எடை எட்டு சதவீதம்தான் குறையும், விறைப்போ இருபத்திரண்டு சதவீதம் போய்விடும். அதாவது ஆறேழு சீவல் கூடுதலாக எடுத்தால் அவருடைய இரண்டாவது கிட்டாரின் பக்கம் நழுவுகிறோம். அவர் 2.3இல் நிறுத்தினார். ஓரங்களில் இன்னும் கொஞ்சம் எடுத்தார். எப்படித் தெரிந்தது ஐயா என்று கேட்டேன். "இன்னும் எடுக்கலாம்னுதான் இருக்கு. அப்படித் தோணும்போது நிறுத்திடணும்."

அப்புறம் உள்பக்கம் விசிறி மாதிரி ஏழு மெல்லிய குச்சிகளை ஒட்டினார். அதுவும் தோரெஸ் வழி. வலை போலப் பின்னி கார்பன் ஃபைபர் ஒட்டுகிற கிரெக் ஸ்மால்மேன் என்ற கைவினைஞரின் முறையும் உண்டு, கிட்டார் கலைஞர் ஜான் வில்லியம்ஸ் வாசிப்பது அந்த ரகம். சத்தம் அதில் அதிகம். எனக்கு மண்டபம் நிரப்ப வேண்டிய அவசியம் இல்லை. பக்கவாட்டையும் மேல்பலகையையும் சேர்க்க, சுண்டுவிரல் நகம் அளவு மரத்துண்டுகளை வரிசையாக, ஒவ்வொன்றாக வச்சிரம் (மிருகத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை) தடவி வைத்து, பசை இறுகும்வரை விரலால் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை, கிளம்பிவிட்டேன்.

ஃப்ரெட் வேலை பற்றி ஒரு பத்தி, கணக்கு பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். தந்தி நீளம் 650 மி.மீ. ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் மீதமுள்ள நீளத்தை 17.817ஆல் வகுத்தால் அடுத்த ஃப்ரெட்டின் தூரம் வரும். முதல் ஃப்ரெட் 36.48 மி.மீ.இல், பன்னிரண்டாவது சரிபாதியில், 325இல். பழைய ஆட்கள் 18ஆல் வகுத்தார்கள். கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலேய் 16ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த விகிதம் அது. அப்படி வகுத்தால் பன்னிரண்டாவது ஃப்ரெட் 2.4 மி.மீ. தவறிப்போய், தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் நட் பக்கம் விழும். இதையெல்லாம் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் சுவரிலிருந்து ஒரு பித்தளைப் பட்டையை எடுத்துக் காட்டினார், இருபது கோடு கீறியிருந்தது. "ஒரு தடவை கணக்குப் போட்டாச்சு, அதுக்கு மேல எதுக்கு?" என்றார். நட்டும், பிரிட்ஜில் தந்தி ஏறி உட்காரும் சேடிலும் எலும்பு, ஃப்ரெட் பதிந்திருக்கும் ஃபிங்கர்போர்டு கருங்காலி. ஃப்ரெட் முனைகளில் கையை ஓட்டினால் எதுவும் தட்டுப்படவில்லை. தொழிற்சாலை கிட்டாரில் அந்த இடம் ரம்பம் போல இருக்கும்.

இனி குறைகள்.

முதலாவது, தாமதம். பத்து மாதம் என்றார், பதினைந்து ஆனது. நடுவில் மூன்று மாதம் ஒரு தகவலும் இல்லை, போனையும் எடுக்கவில்லை. தாமதத்தை மன்னிக்கலாம், தகவல் சொல்லாததை மன்னிக்கக் கூடாது என்பது என் கட்சி. நேரில் போய்க் கேட்டபோது மழைக்காலத்தில் முன்பலகை ஒட்டமாட்டேன் என்றார். காற்றின் ஈரப்பதம் ஐம்பது சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது ஒட்டினால், மரம் உப்பிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு, வறண்ட காலத்தில் சுருங்க இடமில்லாமல் வெடிக்கும். காரணம் சரிதான். அதை ஒரு போனில் சொல்லியிருக்கலாம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததால், ஹவுசர் கதையைச் சொன்னார். ஜெர்மானிய கிட்டார் கைவினைஞரான ஹெர்மன் ஹவுசர் 1924இல் மியூனிக்கில், ஸ்பெயினின் கிட்டார் மேதை செகோவியாவைச் சந்தித்து, அவருடைய ஸ்பானிஷ் கிட்டாரைப் பார்த்து அளவெடுத்துக்கொண்டார். அதிலிருந்து செய்து செய்து காட்டி, 1937இல் செய்த ஒன்றுதான் செகோவியாவுக்கு முழுத் திருப்தி தந்தது. பதின்மூன்று வருடம். அந்தக் கிட்டார் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் செகோவியா இல்லை என்பதை அவருக்கு நினைவுபடுத்தினேன்.

இரண்டாவது, ஜி ஷார்ப். மூன்றாம் தந்தி, முதல் ஃப்ரெட். புதிதாகக் கற்கிறவன்கூடப் பிடிக்கிற இ மேஜரில் வரும் சுரம். என் கிட்டாரில் அது மட்டும் முந்திரிக்கொட்டை மாதிரி சத்தமாக முந்திக்கொண்டு வரும், மற்றவை நீண்டு ஒலிக்கும்போது அது சீக்கிரம் அடங்கிப்போகும். மேல்பலகைக்கென்று ஒரு இயல்பான அதிர்வு உண்டு. பெரும்பாலான கிளாசிகல் கிட்டார்களில் அது 200 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். ஜி ஷார்ப் 207.65. தந்தியின் சுரமும் பலகையின் அதிர்வும் ஒரே இடத்தில் விழுந்தால், தந்தியில் இருக்கிற சக்தியைப் பலகை ஒரே மடக்கில் குடித்துவிடும். மேற்கில் இதற்கு ஓநாய் என்றே பெயர். நல்ல கைவினைஞர்கள் அதை இரண்டு சுரங்களுக்கு நடுவில் விழவைக்கப் பார்ப்பார்கள். இவரும் ஜி ஷார்ப்புக்கும் அடுத்த சுரமான 'ஏ'வுக்கும் நடுவில்தான் குறிவைத்திருந்தார், ஆனால் கிட்டார் பழக்கத்துக்கு வந்ததும் கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டது. "எங்கேயாவது விழுந்துதான் ஆகணும் தம்பி. எந்தச் சுரத்துல விழட்டும், சொல்லுங்க" என்றார். கேட்கும்போது ஞாயமாக இருந்தது, வீட்டுக்கு வந்ததும் கோபம் வந்தது. மறுமுறை போனபோது ஒலித்துளை வழியாகக் கையை விட்டு, பிரிட்ஜுக்கு அடியில் கோலிக்குண்டு அளவு மெழுகுக் களிமண்ணை ஒட்டிக் கொடுத்தார். எடை கூடினால் அதிர்வு இறங்கும். ஓநாய் ஜிக்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவில் போனது. ஒரு மாதம் வாசித்தேன். முதல் தந்தியின் மேல் சுரங்களில் இருந்த பளபளப்பு ஒரு பிடி குறைந்தது போல இருந்தது. நானே களிமண்ணைப் பிய்த்தெடுத்துவிட்டேன். இப்போது அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் விரலை லேசாக்கி வாசிக்கப் பழகிவிட்டேன். இது குறைதான், சமாதானம் சொல்லவில்லை. இரவு நேரத்தில் முதல் தந்தி மேலே பாடும்போது மறந்துபோகிறது, அவ்வளவே.

மூன்றாவது, பாலிஷ். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொட்டலத்தில் தோய்த்து, வாரக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து ஏற்றுகிற பிரெஞ்சு பாலிஷ். பலகையைக் கொஞ்சமும் அமுக்காது, அதுதான் அதன் அருமை. ஆனால் வியர்வைக்கு ஆகாது. முதல் கோடையிலேயே வலது முழங்கை படுகிற இடம் மங்கி, பிசுபிசுத்தது. அரைநாளில் சரிசெய்து கொடுத்தார், காசு வாங்கவில்லை. இப்போது பழைய காலுறையின் பாதத்தை வெட்டிவிட்டு முழங்கையில் மாட்டிக்கொண்டு வாசிக்கிறேன். பார்க்க அழகாக இருக்காது.

வெடிப்பு அவர் குற்றம் இல்லை, என் அறிவு. விடுமுறையில் கிட்டாரைப் பெட்டியில் வைக்காமல் ஏசி அறையில் ஸ்டாண்டில் விட்டுவிட்டேன். பிரிட்ஜிலிருந்து கீழ்ப்பக்கம் இழையோடு ஆறு செ.மீ. கோடு. கையில் எடுத்துக்கொண்டு போனபோது அழுதிருப்பேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஈரத்துணியோடு ஒரு பெரிய பையில் போட்டு இரண்டு நாள் வைத்தார், கோடு தானாக மூடிக்கொண்டது. சூடான வச்சிரத்தை விரலால் அழுத்தி அழுத்தி உள்ளே ஏற்றி, உள்பக்கம் சின்ன ஸ்ப்ரூஸ் வில்லைகளை இழைக்குக் குறுக்காக ஒட்டினார். ஒலித்துளைக்குள் பல் டாக்டர் கண்ணாடியும் ஒரு சின்ன பல்பும். இன்று வெளியிலிருந்து சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். கடைப் பசை போட்டால் வேலை சுலபமில்லையா என்று கேட்டேன். வச்சிரம் ஈரத்துக்கும் சூட்டுக்கும் விட்டுக்கொடுக்கும், "எனக்கப்புறம் ஒருத்தன் பிரிக்கணும்ல" என்றார்.

யார் வாங்கலாம்? மரத்தின் பெயருக்காக வாங்குகிறவர் வேண்டாம். ஸ்டீல் தந்தி, பேண்ட், மைக் என்றால் வேண்டாம். ஈரப்பதமானி வாங்கி அறையில் மாட்டி, தினம் ஒருமுறை பார்க்கச் சோம்பல்படுகிறவர் கண்டிப்பாக வேண்டாம், நானே உதாரணம். மெதுவாக வாசிக்கிறவர், ஒரே சுரத்தை நகத்தின் கோணத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் என்றால் வரிசையில் நிற்கலாம். பழைய கிட்டாரில் மெல்ல அடித்தால் மெல்லிய சத்தம், ஓங்கி அடித்தால் பெரிய சத்தம், அவ்வளவுதான். இதில் அந்த இரண்டுக்கும் நடுவில் இத்தனை படி இருக்கிறது என்பதே எனக்கு நாற்பத்தாறு வயதில்தான் தெரிந்தது. வாசிக்க வாசிக்கத் திறந்துகொள்ளும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது கிட்டார் திறந்ததா, என் கை திருந்தியதா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

போன மாதம் ஃப்ரெட் தேய்மானம் பார்க்கப் போயிருந்தேன். பட்டறையில் ஒரு பெண், இரண்டு வருடமாக வேலை கற்கிறாராம், முன்பலகை இழைத்துக்கொண்டிருந்தார். டயல் கேஜை வைத்துப் பார்த்தார், 2.6. போதும் என்பது போல இழைப்புளியைச் சாய்த்து வைத்தார். பெரியவர் என் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பலகையை வாங்கி, கட்டைவிரலால் ஒருமுறை வளைத்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெண் சுவரில் தொங்கிய முதல் கிட்டாரை ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி இழைப்புளியைக் கையில் எடுத்தார். முதல் சீவல் நடுவில் அறுந்துபோனது. பெரியவர் அதற்குள் என் ஃப்ரெட்டுக்கு அரம் தேடப் போய்விட்டார்.